தாமல் ஏரிக்கரையில் நான் அடைத்த ஓட்டை

அறுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி. தங்கை மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தோம். மனைவியும் மைத்துனியும் கடையில் நான்காவது மணி நேரத்தைத் தொடங்கியபோது, தாமல் ஏரி நிரம்பிவிட்டதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினேன். மேற்கே எட்டு மைல், பஸ்ஸுக்கு நாற்பது பைசா. மூன்றரைக்குக் கரையில் இருந்தேன்.

ஏரி தளும்பி நின்றது. கரையின் வயல் பக்க அடிவாரத்தில், சுண்டுவிரல் பருமனில் தெளிந்த தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சும்மா போயிருக்கலாம். ஒழுகும் குடத்தைச் சோப்பு வைத்து அடைத்து வீட்டில் பெயர் வாங்கியவனாயிற்றே நான்! களிமண்ணை உருட்டித் திணித்து, குதிகாலால் மிதித்துவிட்டு, ஊரைக் காப்பாற்றிய மிதப்பில் வெற்றிலை போட்டேன்.

வாய் சிவப்பதற்குள் மூன்றடி தள்ளி மண் பொங்கியது. வந்த தண்ணீர் காபி நிறம்.

கீழ் வயலிலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். பெயர் முனுசாமி என்று பிறகு தெரிந்தது; கரைக்கு நேர் கீழே அவர் வீடு.

"யாருபா இத அடச்சது?"

"நான்தான்..."

"நல்லாத்தானே வந்துக்கினு இருந்துச்சு! தெளிவா வந்தா வுட்டுடணும், அடச்சா வேற வழி தேடும். கலங்கி வந்தா, உள்ள மண்ண அரிச்சிக்கினு வருதுன்னு அர்த்தம். நின்னுக்கினு இருக்காத, மணல் அள்ளு!"

என் அடைப்பை அவர் தோண்டி எறிந்தார். மழைக்காலத்தில் கரைக்கு உதவும் என்று ஊரார் குவித்து வைத்திருந்த ஆற்று மணலை நான் சுமந்தேன். அவர் மனைவி ரங்கம்மா கூழாங்கல் கொண்டுவந்தார். பொங்கிய இடத்தில் மணல், அதன்மேல் கூழாங்கல், அதன்மேல் கருங்கல். பழக்க தோஷம், காலைத் தூக்கினேன்.

"மிதிக்காதபா! தண்ணி போவணும், மண்ணு போவக் கூடாது."

பிறகு முனுசாமி என் புது வெள்ளைத் துண்டை உருவி, வழியும் தண்ணீருக்குக் கீழே விரித்துப் பிடித்தார். ஒரு கைப்பிடி கரைமண் துண்டில் தங்கியது. ரங்கம்மா ஆடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினார். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு மணலுக்கு ஓடினேன். இன்னும் மணல், இன்னும் கல். இரண்டாம் முறை ஒரு சிட்டிகை. ஐந்தரைக்கு மூன்றாம் முறை. முனுசாமி ஈரத் துண்டை உள்ளங்கையால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரங்கம்மா, ஆட்டக் கட்டு."

தாமல் போகிறவர்கள் மழை விட்ட மறுநாள் போங்கள், ஏரி அழகு. கரையில் தெளிந்த கசிவைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்; கலங்கலைக் கண்டால் ஊரைக் கூப்பிடுங்கள். காஞ்சிக்குத் திரும்ப ஆறேகாலுக்கு ஒரு பஸ் உண்டு. முனுசாமி பஸ் நிற்கும் இடம்வரை என்கூடவே நடந்து வந்தார். வழியனுப்பத்தான் என்று நினைத்து நெகிழ்ந்தேன். நான் ஏறி உட்கார்ந்து, பஸ் நகர்ந்து, வளைவு திரும்பும்வரை மண்வெட்டியோடு அங்கேயே நின்றார்.