சும்மா கிடக்கும் வேலை

ஆய்வகக் கட்டிலில் படுத்ததும், தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூடு இறங்குவதற்கு முன்பே விசில் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தோள்களைத் தளர்த்தி, உள்ளங்கைகளை மலர்த்தி வைத்துக்கொள்வார். அப்புறம் மூக்கு அரித்தாலும் அசையமாட்டார். தூங்கவும் கூடாது. வெறும் வயிற்றோடு விழித்தபடி சும்மா கிடக்க வேண்டும். அவர் விடும் மூச்சை வைத்து, ஓய்வில் இருக்கும் உடம்பு எவ்வளவு கலோரி எரிக்கிறது என்று இயந்திரம் சொல்லும். வயதானவர்களிடம் அது நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

“சும்மா இருக்கிறதுக்கு ஆள் தேடினாங்க, எனக்குத்தான் அந்த வேலை கிடைச்சது” என்று நீச்சல் குளத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியும் அங்கே அவர்தான் பயிற்சியாளர். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் பெண்களை மிதக்க வைப்பதில் கெட்டிக்காரர். கைகால்களை உதறிக்கொண்டு முழுகுகிறவர்களிடம், “தண்ணியோட என்ன சண்டை? விட்டுக்கொடு, அதுவே தூக்கும்” என்பார். பாராட்ட ஒரு விசில், திட்ட இரண்டு. பேரே அப்படித்தான் வந்தது.

வீட்டில் மகன்தான் எதிர்க்கட்சி. இரண்டாவது முறை அளந்தபோது எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. சாப்பாட்டு மேசையில் கிடந்த தாளை அவன் பார்த்துவிட்டான்.

“பாத்தியா, உடம்பு இறங்கிப்போச்சு. குளத்துக்குப் போறதை நிறுத்தும்மா.”

“ஒரு தடவை குறைஞ்சதுக்கா?”

“மிஷின் பொய் சொல்லுமா? அடுத்த தடவையும் ஏறலேன்னா நானே குளத்துக்குப் போய், இனிமே நீ வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துடுவேன்.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பார். அவன் பயந்துபோய்ச் சொன்னான். அப்பா போனதிலிருந்து அவனுக்கு அந்தப் பயம். விசில் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த முறை பேருந்தைத் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. ஓட்டமும் நடையுமாக வந்து கட்டிலில் விழுந்தார். “நல்லா ஓய்வெடுத்துட்டீங்களாம்மா?” என்று ஆய்வகப் பெண் கேட்டதற்கு, “ம், ஆரம்பி” என்றார். எண் எகிறியிருந்தது. முதல் முறையைவிடவும் கூடுதல். மகனின் வாயை அடைக்க அது போதும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். படபடப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை. நடுக்குளத்தில் கால் ஊன்றிவிட்டு ‘முழுசும் நீந்திட்டேன்’ என்று சாதிக்கும் மாணவிகளை, மறுபடி முதலிலிருந்து நீந்த வைப்பவர் அவர். திரும்பி வந்தார்.

“இது செல்லாது கண்ணு. ஓடி வந்து படுத்தேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். நாளைக்கு ஒழுங்கா வரேன், மறுபடி எடு.”

மறுநாள் மகன் காரில் கூட்டி வந்தான். எண் முதல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அவன் முகம் சுருங்கியதை ஆய்வகப் பெண் கவனித்துவிட்டாள்.

“சார், நல்லா இருக்கிறவங்களுக்கே இது ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். எவ்வளவு ஆடுதுன்னு பாக்கத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுறோம். ஒரு நாள் எண்ணை மட்டும் வெச்சு ஆள் தளந்துட்டாங்கன்னு சொல்ல முடியாது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நேத்து எண் நல்லா கூடித்தான் இருந்தது. ஓடி வந்து படுத்தேன், அது வேண்டாம்னு அவங்களே வந்து சொன்னாங்க. இல்லேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றாள்.

காரில் ஏறியதும் அவன் கேட்டான். “அதைக் காட்டியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனேம்மா.”

“என் எண்ணா இருந்தா காட்டியிருப்பேன். அது பஸ்ஸைத் துரத்தின எண்.” அவர் வெறும் வயிற்றுக்கென்று கொண்டுவந்திருந்த ரொட்டியை மென்றுகொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் குளத்துப் பக்கம் திருப்பினான். இறங்கியதும், நனைந்து காய்ந்த துண்டுகள் பிதுங்கிய அம்மாவின் நீச்சல் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். கம்பிக் கதவருகே விசில் அம்மா நின்று, பைக்காகக் கையை நீட்டினார். அவன் கொஞ்சம் தயங்கினான். நீட்டிய கை மடங்கவில்லை. பையை வாங்கித் தன் தோளில் மாட்டி, வாரை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.