ஒன்றும் செய்யாத பெட்டி

எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் நான். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லோருடைய முதுகும் தெரியும். அதில் மியூட்டின் முதுகைப் போலப் பரிதாபமான முதுகை நான் பார்த்ததில்லை. மியூட் என்பது கிட்டார் வாசிக்கிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர். ஆள் பேசுவதும் கேட்காது, வாசிப்பதும் கேட்காது. இந்த லட்சணத்தில் பகலில் காது மெஷின் விற்கும் கடையில் வேலை.

அவன் குழுவுக்குள் வந்தது கல்யாண வழியில். எங்கள் பாடகர் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். தங்கையைக் கொடுத்தபோது குழுவில் ஓர் இடமும் கொடுத்தார். இடம் என்றால் நிற்கிற இடம். கம்பெனி விழாவோ பள்ளி விழாவோ, மேடை ஓரத்தில் நின்று கம்பிகளைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருப்பான். கடைசிப் பாட்டில் மட்டும் அவனுக்கென்று ஒரு துண்டு உண்டு. அதுவரை அந்தப் பாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். மச்சான் மூச்சு வாங்கும் நேரத்தில், நாங்கள் பின்னணி கொடுக்க, கிட்டார் தனியாகப் பேச வேண்டும். அந்த ஒரு துண்டுக்காகத்தான் அவன் வாரம் முழுக்க உயிரோடு இருந்தான். வீட்டில் பழைய ஒலிப்பதிவைப் போட்டு, கூடவே வாசித்து வாசித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. மேடையில்தான் அது ஒருவர் காதிலும் விழாது, அவன் காது உட்பட. அவனுடைய ஆம்ப்ளிஃபயர் குசுகுசுவென்றுதான் பேச வேண்டும் என்பது சவுண்டுக்காரர் உத்தரவு.

ஒருநாள் மச்சான் நறுக்கென்று சொல்லிவிட்டார். "மாப்ள, தப்பா எடுத்துக்காத. கிட்டார் இருக்கறதே யாருக்கும் தெரியல. அடுத்த நிகழ்ச்சியோட நிறுத்திக்கலாம். கீபோர்டே எல்லாத்தையும் பாத்துக்கும்."

"சரி மச்சான்" என்றான் மியூட். சொல்லியிருப்பான். உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனான். காலால் மிதிக்கிற பெடல்களில் எத்தனையோ ரகம். கிட்டாரை உறும வைப்பது, அழ வைப்பது, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட வைப்பது. அவன் கை வைத்ததோ சோப்புப் பெட்டி அளவில் இருந்த ஒன்றின் மேல். ஒரு திருகு, ஒரு பொத்தான், அவ்வளவுதான். கிளீன் பூஸ்ட் என்று பெயர்.

"இது என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் கடைக்காரர், பெருமையாக. "உள்ள போறது அப்படியே வெளிய வரும். சத்தம் மட்டும் பெருசா வரும்."

அவன் மனைவி அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். "வாயத் தொறந்து எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதான? அதுக்கு ஒரு பொட்டியா?"

முதல் பரிசோதனையை வேலை செய்யும் கடையிலேயே நடத்தினான். அப்போதுதான் புது மெஷின் மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர் துள்ளி எழுந்து, அதைக் கழற்றி மேசைமேல் வைத்து, "எனக்குப் பழைய செவிடே போதும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். முதலாளி கண்டபடி திட்டினார். மியூட் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டான். திட்டு வாங்கும் அளவுக்கு அவன் அதுவரை சத்தம் போட்டதில்லை.

ஓர் அச்சகத்தின் ஆண்டுவிழாதான் கடைசி நிகழ்ச்சி. கடைசிப் பாட்டும் வந்தது, அவன் துண்டும் வந்தது. பெடலை மிதித்தான். பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயர் வாயைத் திறந்தது.

அவ்வளவு சுத்தமான, அவ்வளவு கணீரென்ற அபஸ்வரத்தை நான் ஜென்மத்தில் கேட்டதில்லை. தாளம் தவிர ஒன்றும் தெரியாத எனக்கே பல் கூசியது. முன்வரிசையில் ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். கூடத்தின் கோடியில் இருந்த சவுண்டுக்காரர் தன் மிக்சரில் கிட்டாருக்கான பொத்தானைப் பாய்ந்து பிடித்துக் கீழே இழுத்தார். அது ஏற்கெனவே பூஜ்யத்தில் இருந்தது. இன்னும் இழுத்தார்.

மியூட் தன் விரல்களைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தன. கீபோர்டுக்காரரின் விரல்களைப் பார்த்தான். அவையும் சரி.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. போன வருஷமே மச்சானுக்குக் குரல் மேலே எட்டவில்லை. அந்தக் கடைசிப் பாட்டை ஒரு கட்டை இறக்கிக்கொண்டு, கீபோர்டுக்காரரிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார். கீபோர்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், சுதி மட்டும் இறங்கிவிடும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. மியூட் பாவம், பழைய சுதியிலேயே வாசித்துக்கொண்டிருந்தான். காது கூசுகிறதே என்று சவுண்டுக்காரர் அவனை அமுக்கி வைத்தார். அமுக்கியதால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

எங்கள் கீபோர்டுக்காரர் யார் சத்தமாகப் பேசினாலும் அந்தப் பக்கம் சாய்கிறவர். பதறிப்போய் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டார். பாட்டு ஒரு கட்டை ஏறி கிட்டாரோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் வாசித்தான் பாருங்கள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையிலும் குச்சி இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. கூட்டம் கை தட்டியது. கிட்டாருக்கு, முதல் தடவையாக.

கடைசிச் சரணத்தை மச்சான் அந்த ஏறிய சுதியில் பாட வேண்டியதாயிற்று. உச்சியில் குரல் கீச்சென்று கிழிந்தது. மீதியை நீங்களே பாடுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துச் சமாளித்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே மியூட்டிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நான் குச்சிகளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"குரல் எறங்கிடுச்சு மாப்ள" என்றார். "உன்கிட்ட சொன்னா தங்கச்சிகிட்ட போவும். அவகிட்ட போனா ஊருக்கே போவும். வெக்கமா இருந்துச்சு."

"எங்க கடைக்கு வர்றவங்களும் இப்படித்தான் மச்சான். காது கேக்கலன்னு ஒருத்தரும் முதல்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றான் மியூட். பிறகு, "அடுத்த வாரம் எத்தன கட்ட? நானும் எறங்கி வாசிக்கறேன்."

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல மச்சான்" என்றான் மியூட். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

மச்சான் சத்தமாகவே சொன்னார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.