நாலாவது தகடு: ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ஓர் உப்பு லாரிப் பயணம்

சென்ற தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை நான் எண்ணூருக்குப் போனது கடற்காற்று வாங்க அல்ல. நான்கு இரும்புத் தகடுகளைப் பார்க்கப் போனேன். போகும்போது எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. திரும்பும்போது எதுவுமே தெளிவாக இல்லை. அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு நேரம், தூரம், கட்டணம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மற்றதற்கு நான் பொறுப்பல்ல.

முதலில் சங்கதி. நான் ஒரு கல்லூரியின் ரசாயனச் சாலையில் உதவியாளன். ராயபுரத்தில் ஒரே ஒரு மோட்டார் லாரி வைத்திருக்கும் நாயுடு ஒருவர், எண்ணூர் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றி வருகிறார். உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி, வண்டியின் அடிச்சட்டம் வருஷம் திரும்புவதற்குள் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துவிட்டது. அவர் ஒரு பெயிண்ட் வியாபாரியிடம் போய் முறையிட்டார். வியாபாரி எங்கள் புரொபசரிடம் வந்தார். மூன்று பேரும் சேர்ந்து கூட்டாக ஆராய்ச்சி செய்வதென்று முடிவாயிற்று. வண்டி நாயுடுவுடையது, பெயிண்ட் வியாபாரியுடையது, மூளை எங்களுடையது.

லாரியின் பின்பக்கம் அடியில் நான்கு தகடுகளை வரிசையாக முடுக்கினோம். முதலாவதில் சிவப்புப் பெயிண்ட், இரண்டாவதில் கறுப்பு, மூன்றாவதில் வியாபாரி புதிதாக வரவழைத்த சாம்பல் நிறம். நாலாவதை வெறுமனே விட்டோம். வெறும் இரும்பு எவ்வளவு துருவேறும் என்று தெரிந்தால்தானே மற்ற மூன்றின் யோக்கியதை தெரியும்? கெடு ஆறு மாதம்; அது இந்தத் தையில் முடிந்தது. ஒரு பூச்சும் நிற்காவிட்டால் லாரியை விற்றுவிட்டுப் பழையபடி கால்வாய்ப் படகுக்கே போய்விடுவதாக நாயுடு சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் டிரைவர் அந்தோணிக்கு வேலை போய்விடும். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் நான் போடவில்லை.

மயிலாப்பூரில் ஐந்தேகாலுக்குக் கிளம்பி, டிராம் மாறி, ஆறு நாற்பதுக்கு ராயபுரம் சேர்ந்தேன். இரண்டு அணா ஆயிற்று. அந்தோணி மாதாகோயில் தெருக்காரர், நாற்பது வயதிருக்கும். வண்டி கிளம்பும் அவசரத்தில் இருந்தது. தகடுகளை எண்ணூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிக்கொண்டேன்.

"குந்துங்க சார். எட்டு மைலு. எனக்கு மூணு பீடி தூரம்" என்றார்.

எட்டு மைலுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் பிடித்தது. திருவொற்றியூரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்ற பத்து நிமிஷமும் அதில் சேர்த்தி. அங்கே காலணாவுக்குக் கிடைத்த காப்பியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைக் குடித்து முடித்தபோதுதான் வண்டியில் மீன் வாசனை அடிப்பது உறைத்தது.

"ஏம்ப்பா அந்தோணி, வண்டியில மீனும் ஏத்தறதுண்டா?"

"இல்ல சார். உப்பு மட்டும்தான்."

"பின்னே இந்த வாசனை?"

"கடலு பக்கத்துலயே கீது. வாசன வராம இன்னா பண்ணும்?"

சரிதான் என்று நினைத்தேன். கடல் எங்களுக்கு வலப்பக்கம் இருந்தது, வாசனை பின்பக்கத்திலிருந்து வந்தது. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

எண்ணூர் உப்பளத்தில் மூட்டை ஏற்றத் தொடங்குமுன், ஒரு கோணியை விரித்து லாரிக்கு அடியில் படுத்தேன். சிவப்பு கொப்புளம் கொப்புளமாய் எழும்பியிருந்தது. சாம்பல் பாதி உரிந்து தொங்கியது. கறுப்பு ஓரங்களில் தின்னப்பட்டிருந்தது. நாலாவது, ஒன்றுமே பூசாத வெறும் இரும்பு, புதுக் கருக்குப் போகாமல் பளபளவென்று இருந்தது.

தலைகீழாகப் பார்க்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. வெளியே வந்து மறுபக்கமாய்ப் படுத்து மறுபடி எண்ணினேன். நோட்டைத் திருப்பினேன். இடமிருந்து என்று எழுதியிருந்தேனே, அது யாருடைய இடம்? வண்டியின் இடமா, படுத்திருக்கும் என் இடமா? எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் வெறும் தகடு வெறும் தகடாகவே இருந்தது. ஒன்றும் பூசாததுதான் நல்லது என்று எழுதிக்கொண்டு போனால் புரொபசர் என்னை எங்கே அனுப்புவார் என்று எனக்குத் தெரியும்.

"இன்னா சார், எதுனா வுழுந்துருச்சா?" என்று அந்தோணி குனிந்தார். நான் அந்தத் தகட்டை விரலால் தடவி மோந்து பார்த்தேன்; அதே மீன் வாசனை. அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தடவினே அந்தோணி?"

"சொறா மீனு எண்ண சார். மச்சான் கடலுக்குப் போறான், அவன் படகுக்குத் தடவறது. சனிக்கெழம வண்டி கழுவசொல்ல கந்தையில தொட்டுத் தடவுவேன்."

"ஆறு மாசமாவா?"

"ஒரு வாரம் வுடல."

"இதுக்கு மட்டும் ஏன்?"

"மத்த மூணுக்கும் பெயிண்டு அட்ச்சீங்க. மூணு பேரும் அத்தையே பாத்துகினு இருந்தீங்க. இத்தக் கேக்க ஆளில்ல. மறந்துட்டாங்க போலன்னு நெனச்சேன். இது துருப்புடிச்சா வண்டியே லாயக்கில்லன்னு எழுதிடுவீங்க. நாயுடு நைனா வண்டிய வித்துடுவாரு. அப்பால நான் எங்க சார் போவேன்?"

அந்தத் தகடு துருவேறத்தான் வேண்டும் என்று மூன்று பங்காளிகளில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. பெயிண்ட் ஒரு தடவை அடித்தது, எண்ணெய் வாராவாரம் போட்டது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? ஒப்பிடுவதற்கென்று வைத்த வெறும் இரும்போ இப்போது இல்லவே இல்லை. ஆராய்ச்சி கெட்டுப்போயிற்றா, பலித்துவிட்டதா என்று பாரம் ஏற்றி முடிக்கும்வரை யோசித்தேன். விடை கிடைக்கவில்லை, வெயில்தான் ஏறியது.

பதினொன்றரைக்கு ராயபுரம் திரும்பினோம். கொட்டகையில் நாயுடு காத்திருந்தார். "என்னங்க, இரும்பு நிக்குமா?" என்று நேராகக் கேட்டார். அந்தோணி சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். கெட்டுவிட்டது என்று சொன்னால் அவர் வேலை போச்சு. வெறும் இரும்பே நிற்கிறது என்று சொன்னால் பொய். பயமாகவே இருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

நாயுடு வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஏண்டா, அவ்ளோ நல்ல எண்ணெய அந்த ஒரு தகட்டுக்கு மட்டும் தடவிகினு இருந்தியா? மீதி வண்டி யாரோடது?" என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் அந்தோணிக்கு மூச்சு திரும்பி வந்தது. லாரியை விற்கிற பேச்சு இன்னொரு ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. புரொபசர் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து தகடுகளோடு மறுபடி தொடங்கச் சொன்னார். நாலாவதற்கு எண்ணெய். ஐந்தாவது வெறும் இரும்பு. ஆராய்ச்சியாளர் பெயர் எழுதும் இடத்தில் நாலாவது பெயராக அந்தோணி என்று நானே எழுதினேன், யாரும் அதைக் கோடிட்டு அடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: ரயிலில் போவதே உத்தமம், எண்ணூருக்கு மூன்றாம் வகுப்பு இரண்டரை அணா. லாரியில்தான் போவேன் என்றால் பழைய வேஷ்டி கட்டிக்கொள்ளுங்கள், குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பத்து மணிக்குமேல் உப்பு வெள்ளையில் கண் கூசும். என்னைப் போல ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள், தகட்டை மாட்டும் முன் வண்டி ஓட்டுகிறவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

நான் சொன்னேன். ஐந்தாவதைத் தொடக்கூடாது, அது துருவேறினால்தான் உமக்கு நல்லது என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தோணி மாதா பேரில் சத்தியம் செய்தார். மூன்று மாதம் கழித்துப் போன வாரம் போய்ப் பார்த்தேன். எண்ணெய்த் தகடு அப்படியே இருந்தது. ஐந்தாவது செக்கச்செவேலென்று துருவேறி, தொட்டால் கையோடு வந்தது. எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஏனோ முடியவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை அந்தோணி கையில் எண்ணெய்க் கந்தையோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்தத் தகட்டின் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.