மாமியார் எடுக்கக் கூடாத அழைப்பு

மகள் பூப்பே பிறந்த நாளிலிருந்து அவள் பானா பூப்பேதான். பூப்பேயின் அம்மா. சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே ஒரு நொடி யோசிப்பாள். பங்வேலு ஏரிக்கரையில் மரவள்ளிக்கிழங்கை ஊறப்போட்டு, பாறையில் காயவைத்து, உரலில் இடித்து, மாவாக விற்றே அந்த ஒரே மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்தவள். மகள் இப்போது கிட்வே நகரத்தில் இருக்கிறாள். சுரங்கத்தில் லாரி ஓட்டும் கசூபாவின் மனைவி.

கையிலிருந்த பட்டன் போன் மகள் வாங்கித் தந்தது. பானா பூப்பே அதை இடுப்புத் துணியின் முனையில் முடிந்து வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அது மணியடிக்கும். மகள் குரலைக் கேட்ட பிறகுதான் மாவில் கிண்டிய சீமாக் களி உருண்டை தொண்டையில் இறங்கும். "இந்த டப்பா இல்லேன்னா எனக்கு எப்பவோ பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்பாள்.

அதே டப்பாவைக் கண்டால் பயமும் உண்டு. காரணம் மருமகன். அவர்கள் வழக்கத்தில், பெண்வீட்டார் விருந்து சமைத்து, முறைப்படி அழைத்து உட்காரவைக்கும் வரை மருமகனும் மாமியாரும் பேசக் கூடாது, முகம் பார்க்கவும் கூடாது. நல்ல நாள் பார்த்துப் பார்த்தே தள்ளிப்போய், அந்த விருந்தை அவள் இன்னும் வைக்கவில்லை. கல்யாணத்தின்போது எதிரே கசூபா வருவதைப் பார்த்துவிட்டுத் துணியைத் தலைமேல் இழுத்துக்கொண்டு நாணலுக்குள் இறங்கி நின்றவள் அவள். பாதை என்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். போனில் எங்கே போய் ஒதுங்குவது? அது மருமகனின் வாயை நேரே காதுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறதே!

அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கசூபாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இரண்டு முறை மணியடித்து நிறுத்துவான். உடனே அவள் போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு பானா செவேயிடம் ஓடுவாள். அவன் சொல்வதை பானா செவே கேட்டு இவளிடம் சொல்ல வேண்டும், இவள் சொல்வதை அவனிடம் சொல்ல வேண்டும்.

"உன் மருமகன் குரல் தேனாட்டம் இருக்குடி. பாவம், உனக்குக் கொடுத்துவைக்கலை" என்று பானா செவே ஒவ்வொரு தடவையும் சீண்டுவாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிரசவ வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பூப்பே விடிந்ததுமே பேசியிருந்தாள். பானா பூப்பேக்கு வேலையில் கை ஓடவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் போன் இரண்டு முறை அடித்து நின்றது. ஓடினாள். பானா செவே வீட்டில் பூட்டுத் தொங்கியது. மீன் வாங்கத் துறைக்குப் போயிருந்தாள்.

மறுபடி மணி. இந்த முறை நிற்கவே இல்லை. எடுத்தாள். ஆண் மூச்சு கேட்டதும் நெருப்பைத் தொட்டவள்போல் கட் செய்தாள். மறுபடி அடித்தது. கட் செய்தாள். மறுபடியும் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் பேசலை," என்று கசூபா மூச்சுவாங்கினான். "இந்த ஆஸ்பத்திரிச் சுவர்கிட்டதான் பேசுறேன். சுவரே, கேட்டுக்கோ. பூப்பேக்கு ஆபரேஷனாம். சின்னதுல ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் வீங்கி, உயிர் போய் உயிர் வந்துச்சாமே, அது என்ன ஊசின்னு டாக்டர் கேக்குறார். அவளால பேச முடியலை. எங்கிட்ட சொல்லியிருக்கா, நான்தான் மறந்து தொலைச்சிட்டேன். சொல்லு சுவரே!"

பானா பூப்பேக்கா மறக்கும்? ஏழு வயது மகள் உதடு வீங்கி, மூச்சு விசிலடிக்க, மடியில் கிடந்த நாள் அது. 'தூக்கத்துல கேட்டாலும் இந்தப் பேரைச் சொல்லணும்' என்று அன்றைக்கு நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை, மாவு இடிக்கும்போதெல்லாம் உலக்கைக்கு ஒரு எழுத்தாகப் போட்டுப் போட்டுப் பாடம் செய்தவள்.

போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையை மட்டும் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். மரியாதை! முற்றத்து உரலைப் பார்த்துச் சொன்னாள்: "உரலே, அது பென்சிலின்."

"சுவரே, காத்து இரைச்சல்தான் கேக்குது! ஒண்ணும் புரியலை!" என்று முதுகுக்குப் பின்னால் போன் கத்தியது.

இன்னும் உரக்கச் சொன்னாள். ஏரிக்காற்று அதையும் அள்ளிக்கொண்டு போனது.

"சுவரே, கதவைத் திறந்துட்டாங்க. அவளை உள்ள தள்ளிட்டுப் போறாங்க!" அவன் குரல் உடைந்தது.

அவள் போனை வாயோடு ஒட்டவைத்தாள். "கசூபா! பென்சிலின்! என் பிள்ளைக்குப் பென்சிலின் போட விடாதேடா! ஓடு!"

"பென்சிலின். சரிங்கம்மா!" சுவரை அவனும் மறந்துவிட்டான். செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. பிறகு எதுவும் இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முறையை மீறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. அந்தத் தோஷம் பிறக்கிற பிள்ளை மேல் இறங்குமோ என்ற பயம் இப்போதுதான் வந்தது.

துறையிலிருந்து வந்த பானா செவே மீன்கூடையை இறக்கக்கூட இல்லை. "நேராவா பேசுன?"

"நேராத்தான். 'டா' கூடப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி! குரல் எப்படி, தேனாட்டம் இருந்துச்சா?"

"இல்லடி. அழுகையாட்டம் இருந்துச்சு."

பானா செவே அதற்கு மேல் சீண்டவில்லை. கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிழல் கிழக்கே நீளும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

போன் அடித்தது. பானா பூப்பே கை நீட்டவில்லை. பானா செவே எடுத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் வாய் விரிந்தது. "பொம்பளைப் பிள்ளை! தாயும் நல்லாருக்கா, தூங்குறாளாம். வேற ஊசி போட்டாங்களாம். பிள்ளைக்குப் பூப்பே மூக்காம்டி!"

பானா பூப்பே துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"அவர் ஏதாவது சாப்பிட்டாரான்னு கேளு."

"இன்னும் இல்லையாம்."

"முதல்ல போய்ச் சாப்பிடச் சொல்லு. அப்புறம், விருந்துக்கு இனிமே நாள் பார்க்கிறதா இல்லைன்னு சொல்லு. பூப்பே எழுந்து நடக்கட்டும். நானே மாவும் மீனும் கட்டிக்கிட்டு பஸ் ஏறி வர்றேன். அங்கேயே சமைச்சு உட்காரவைக்கிறேன்."

பானா செவே சொன்னாள். சற்று நேரம் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொல்றார்?"

"மூக்கைச் சிந்துறார்."