நடிகர் வீட்டுத் துக்கம்

எங்கள் வீட்டை எங்கள் வீடு என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. பூதலூரில் ரயிலை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் ‘நடிகர் வீடு’ என்றுதான் கை காட்டுவார்கள். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டி, சினிமாவுக்குப் போய்ப் பேர் வாங்கிய ஒருவர் கட்டிய மாடிவீடு அது. சொந்தப்படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, வீட்டைப் பண்ணையாருக்கு விற்றுவிட்டு அவர் பட்டணத்தோடு போய்விட்டார். பிறகு கூலிக்காரர்கள் கொடி பிடித்தார்கள். நில உச்சவரம்பு என்று சட்டம் வந்தது. பண்ணையாருக்கு ஊரே கசந்துபோயிற்று. அவர் கைகழுவிய வீட்டைச் சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய என் பெரியப்பா வாங்கினார். அந்தப் பண்ணையில் ஆயுசு முழுக்க உழுத என் தாத்தாவோ மாட்டுக்கொட்டகையைத் தாண்டி அந்த வீட்டுக்குள் போனவரில்லை.

அதனால் பெரியப்பாவுக்கு ஒரே ஆசை. முகப்பில் சிமெண்டு எழுத்தில் இருந்த நடிகரின் பெயரைக் கொத்திவிட்டுத் தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும். ஒருநாள் காலையில் கொத்தனாரை ஏணியில் ஏற்றினார். கொத்த ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் டீக்கடை ரேடியோ சொல்லிற்று, நடிகர் காலமானார் என்று. பெரியப்பா வேலையை நிறுத்தவில்லை. எத்தனை வருஷத்து ஆசை!

மத்தியானம் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ரசிகர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். பட்டணம் வரை போக முடியாதவர்கள், அவர் கட்டிய வீட்டுக்காவது போவோம் என்று வந்திருக்கிறார்கள். பார்த்தால் பெயரில் பாதியைக் காணோம். ஏணியில் உளியோடு ஓர் ஆள்.

“செத்த அன்னிக்கே பேரக் கொத்துறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?” என்று ஒருவர் கத்தினார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். “இது என் வீடுங்க. எங்கப்பா பேரு வைக்கப்போறேன். யாரும் கேக்க முடியாது.”

அடிதடிதான் என்று நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் பேசாமல் முன்னால் வந்து, பெரியப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்பது அப்படித்தான். துக்கம் கேட்க வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் ‘வாங்க’ என்று சொல்லக்கூடாது. திருப்பி அனுப்பவும் கூடாது. பெரியப்பா வாயைத் திறக்காமல் வழிவிட்டார்.

“எறங்குப்பா. காரியம் முடியட்டும்” என்றார் கொத்தனாரிடம்.

கூடத்தில் பாய் விரித்தோம். பெரியம்மா கடுங்காப்பி போட்டுக்கொண்டே, “ஒரு படம் பாத்ததில்ல இந்த மனுஷன். துக்கத்துக்கு உக்காந்திருக்காரு பாரு!” என்று முணுமுணுத்தாள். செய்தி பரவி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். வரிசையாக வந்து பெரியப்பாவின் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். திடீரென்று பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழ ஆரம்பித்தார். சத்தம் போட்டவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மனசத் தேத்திக்குங்க” என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். பொழுது சாயும்போது எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள்.

காரியம் முடிந்ததும் தாத்தாவின் பெயர் முகப்பில் ஏறியது. ஊர் அதைச் சட்டை செய்யவில்லை. இன்றைக்கும் அது நடிகர் வீடுதான்.

என் பெரியப்பா நடிகரின் பரம ரசிகர் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். தாத்தா செத்தபோது அவர் சிங்கப்பூரில் இருந்தார், தந்தி போய்ச் சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது, அந்தச் சாவுக்கு அவர் கையைப் பிடித்து ஒருவர்கூடத் துக்கம் கேட்டதில்லை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.