பெட்டிக்குள் ஓடிய ஹூக்ளி

எங்கள் வீட்டில் ஹூக்ளி ஆறு மேசை மேல் ஓடிக்கொண்டிருந்தது. பவானிபூரில் இரண்டாவது மாடி, தெற்கு பார்த்த ஜன்னல், அதன் ஓரம் ஒரு பழைய கம்ப்யூட்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரர் காலைக் காபியை முடித்த கையோடு அதன் முன்னால் போய் உட்காருவார். டயமண்ட் ஹார்பரிலிருந்து ஒரு கப்பலை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு வந்து, மதியம் கிதிர்பூர் டாக்கில் கட்டிவிட்டுச் சாப்பிட எழுந்து வருவார். கை கழுவும்போதுகூட பார்வை எங்கோ தண்ணீரில் கிடக்கும். "என்ன, கரை ஏறியாச்சா?" என்பேன். "ஏறியாச்சு" என்பார். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்பது அந்த மனுஷருக்குக் கடைசிவரை உறைத்ததே இல்லை.

அவர் துறைமுகத்தில் ஆற்றின் ஆழம் அளக்கும் லாஞ்சுப் படகில் வேலை பார்த்தவர். ஹூக்ளியின் அடியில் மணல் ஒரே இடத்தில் நிற்காது. நேற்றுப் பள்ளமாக இருந்த இடம் இன்று மேடாகியிருக்கும். அதை அளந்து சொல்ல ஆள் இல்லையென்றால் கப்பல் ஊருக்குள் வராது. அவரோடு வேலை பார்த்த ஒருவர், புதிதாக வருகிறவர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எழுதிய டாஸ் காலத்து புரோகிராம் அது. மேலேயிருந்து பார்ப்பது போல ஆறு தெரியும். நீலம் என்றால் ஆழம், பச்சை என்றால் ஆழம் குறைவு, மஞ்சள் என்றால் மணல். கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிற ஏற்றமும் வற்றமும் நிஜ ஆற்றில் வருகிற மாதிரியே அந்தந்த நேரத்துக்கு வரும். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலையும் சால்வையுமாக வீடு திரும்புவார்கள். இவர் ஒரு பிளாப்பியோடு வந்தார்.

எனக்கு அந்த ஆற்றைக் கண்டாலே ஆகாது. தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அது எனக்குச் சக்களத்தி. வாரத்தில் பாதி நாள் இவர் அங்கேதான் கிடப்பார். போன் கிடையாது, தகவல் கிடையாது. ஓய்வு பெற்றதும் சென்னையில் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மகன் மாடியைச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு வாரா வாரம் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். இவரோ, துர்கா பூஜை முடியட்டும் என்பார். பூஜை முடிந்தால், புது வெல்லம் வருகிற சமயம், குளிர் முடியட்டும் என்பார். குளிர் முடிந்தால் அடுத்த பூஜை.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. இவர் பேச்சு நின்றது. ஜன்னலில் உட்கார்ந்து டிராம் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். புதிதாக ஒன்று வாங்கினோம். அதில் ஆறு ஓடவில்லை. திரை கறுத்து, ஒரு முறை மின்னி, இந்த டிஸ்ப்ளே மோடு ஆதரிக்கப்படாது என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. இதுதான் சமயம் என்று நான் சென்னைப் பேச்சை எடுத்தேன்.

"அந்த ஆறு இதுல பழையபடி ஓடட்டும்ட்டி. ஓடின மறுநாளே டிக்கெட் போடு" என்றார்.

"பேச்சு மாற மாட்டியளே?"

"மாற மாட்டேன்."

ஓடவே ஓடாது என்ற தைரியத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். யாரிடம்? நான் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். ராட்சசன் சைஸ் மெஷின்களையே அடக்கியிருக்கிறேன். இந்தப் பெட்டி எம்மாத்திரம்! என் மெட்ராஸ் முழுக்க அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. விடுவேனா?

விர்ச்சுவல் மெஷின் என்று ஒரு சாஃப்ட்வேர் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பழைய கம்ப்யூட்டரை உட்கார வைக்கலாம். அதற்குள் பழைய காலத்து சிஸ்டத்தைப் போடலாம். உள்ளே இருப்பது தன்னைத் தனி மெஷின் என்றே நம்பிக்கொண்டு வேலை செய்யும். ஒரு சாயங்காலம், மழை ஓய்ந்து அறையெல்லாம் மஞ்சள் வெளிச்சமாக இருந்தபோது இதை இவருக்கு விளக்கினேன்.

பெட்டியை உற்றுப் பார்த்தார். "அப்ப உள்ள இருக்கதுக்கு, தான் இன்னொண்ணுக்குள்ள இருக்கோம்னு தெரியாதா?"

"தெரியாது."

"பாவம்" என்றார். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. சாப்பிடும்போது மறுபடி ஒரு முறை "பாவம்" என்றார்.

முதல் நாள் ஆறு வந்தது, ஆனால் நிறம் வரவில்லை. உள்ளே இருந்த பழைய சிஸ்டத்துக்குச் சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாததால் பதினாறே நிறம்தான் அதற்குத் தெரிந்தது. நீலமும் பச்சையும் மணலும் ஒன்றாகக் கலந்து ஆறு முழுக்க ஒரே கத்தரிப்பூ. "ஆறா இது? பீட்ரூட் வேக வச்ச தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றார். ஜாதவ்பூரில் யுனிவர்சிட்டி வாசலில் ஒரு சைபர் கஃபே உண்டு. பையன்கள் நடுவே போய் உட்கார்ந்து, எந்தப் பழைய சிஸ்டத்துக்கும் பொருந்துகிற இலவச டிரைவர் ஒன்றைத் தேடிப் பிடித்து பென் டிரைவில் கொண்டுவந்தேன். போட்டேன். ஆறு நீலமானது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நீலத்தை நான் அந்த ஆற்றில் நேரில் பார்த்ததே இல்லை.

அதற்குள் பூஜை வந்துவிட்டது. எங்கள் வீட்டு மெஷின்களுக்கு வருஷத்தில் இரண்டு பூஜை. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை, கீழ்வீட்டு பௌதிக்காக. பௌதி என்றால் அண்ணி. அவள் வந்து பூப்போடாமல் எந்த மெஷினையும் விடமாட்டாள். அடுத்து எங்கள் சரஸ்வதி பூஜை. நானும் குறை வைக்கவில்லை. கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பௌதி கொடுத்த செண்டுப்பூ மாலையை இரட்டைச் சுற்றாகச் சுற்றி, விஜயதசமி வரை தொடாமல் வைத்திருந்தேன். தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் தூக்கமாகவும் இருக்காது, விழிப்பாகவும் இருக்காது. அந்த மயக்கத்தில் சென்னை வீட்டு மாடியில் துணி காயப்போடுவதாக எனக்கு ஒரு கனவு.

தசமியன்று மாலையைக் கழற்றிவிட்டு மெஷினைப் போட்டேன். ஆறு வந்தது. சற்று நேரத்தில் திரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. பிறகு எல்லாம் உறைந்தது. மறுபடி போட்டால் மறுபடி கோடு. கிராஃபிக்ஸ் டிரைவர்தான் என்று அதைக் கழற்றிப் போட்டேன். பழைய பதிப்பைப் போட்டேன். விர்ச்சுவல் மெஷினின் வீடியோ மெமரியைக் கூட்டினேன், குறைத்தேன். டிரைவர் எழுதினவன் குடும்பத்தையெல்லாம் இழுத்து வைத்துத் திட்டினேன். இவர் பின்னால் நின்று, "ஆத்துல வலை விரிச்ச மாதிரி இருக்குல்லா?" என்று ரசித்தார். எரிகிற தீயில் எண்ணெய்!

கடைசியில் காட்டிக்கொடுத்தது வாசனை. அறையில் கருகின பூ வாசம். கேபினெட்டைத் திறந்து பார்த்தால், கிராஃபிக்ஸ் கார்டின் காற்றாடிக்குள் செண்டுப்பூ இதழ்கள் திணிந்து, குங்குமத்தோடு பிசைந்து, அது சுற்ற முடியாமல் நிற்கிறது. சூடு தாங்காமல்தான் அத்தனை கோடு! டிரைவர் எழுதினவன் பாவம், அவன் என்ன செய்வான்? சரஸ்வதி பூஜை என்று சொல்லி சரஸ்வதிக்கே மூச்சு முட்ட வைத்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பௌதி மேலே ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மா கோ!" என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

இதழ்களை ஊசியால் எடுத்து நான் குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினேன். இவர் தடுத்தார். "சாமிக்குப் போட்டதுட்டி. ஆத்துல விட்டுட்டு வாரேன்." கருகின இதழ்களை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஏறிப் பாபுகாட் படித்துறைக்குப் போனார். நிஜ ஆற்றைப் பார்க்க அவர் போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து, காற்று நன்றாக இருந்தது என்றார்.

இனித் தடையில்லை என்று நினைத்தேன். நிறம் சரி, கோடு இல்லை. ஆனால் அதுவரை படத்தை மட்டும்தான் பார்த்திருந்தோம்; கப்பலைக் கிளப்பியதும் ஆறு பறந்தது. அந்தப் புரோகிராம் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எண்ணவில்லை, பழைய மெஷினின் வேகத்தை வைத்து எண்ணியிருந்தது. புது மெஷினின் வேகத்தில் வெள்ளம் ஏறுவதும் வற்றுவதும் கண் கொட்டுவதற்குள் முடிந்தது. மணல் தெரிந்து மறைந்து தெரிந்து மறைந்தது. நானே அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"நிறுத்து, நிறுத்து! இப்பிடி ஓடினா நாம நேத்தே செத்திருப்போம்" என்றார்.

உள்ளே இருக்கிற மெஷினைக் கட்டிப்போட்டு மெதுவாக்குகிற ஒரு சின்ன சாஃப்ட்வேர் உண்டு. அதைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தேன். இவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, "இன்னும் வேகம்", "இப்பம் செத்துப்போச்சு", "ஆங், கொஞ்சம் விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பனி மூட்டத்தோடு குளிர்காலம் வந்தபோது ஒரு நாள், "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்"முக்காகத்தான் நான் அத்தனை மாதம் பாடுபட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் தரையில் பாய் விரித்தது போலக் கிடந்தது. நான் டிக்கெட் பேச்சை எடுக்கும் முன், எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்கு நீ ஓட்டு."

"நான் எதுக்கு? எனக்கென்ன தெரியும்?"

"ஓட்டிப் பாரேன்."

உட்கார்ந்தேன். கப்பலை வேகமாக விட்டேன். என் குணம் அது. டயமண்ட் ஹார்பரை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் பச்சை வெளுத்து மஞ்சளானது, கப்பல் நின்றது. எந்தக் கீயைத் தட்டினாலும் அசையவில்லை.

"மணல்ல ஏத்திட்ட" என்றார்.

"எடுக்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது. ஜோவார் வரணும்." ஏற்றத்துக்கு வங்காளத்தில் ஜோவார். அவர் வாயில் அந்த வார்த்தைதான் வரும்.

"எப்ப வரும்?"

"மத்தியானத்துக்கு மேல ஆகும்."

இங்கே யாருக்குப் பொறுமை? வேகத்தைக் கட்டிப்போட்டிருந்த அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தேன். கட்டை அவிழ்த்தால் ஒரு நொடியில் ஜோவார் வந்துவிடும். மவுஸ் மேல் இருந்த என் கையின் மேல் அவர் கையை வைத்தார்.

"அன்னைக்கு எங்கிட்ட இது இல்லையேட்டி."

எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூறுகளில் ஒரு கோடையில் என் அப்பா எங்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்தார். வந்த இடத்தில் நெஞ்சுவலி. இவர் ஆற்றில். துறைமுக ஆபீசில் சொல்லி, வயர்லெஸ்ஸில் தகவல் போய், காலையிலேயே கிளம்பிவிட்டார் என்றார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா போய்விட்டார். அப்பாவுக்குப் பாஷை தெரியாத ஊரில், தெருக்காரர்கள் தோள் கொடுக்க, மகன் சின்னப் பையன் என்பதால், மின்சாரச் சுடுகாட்டில் நானே நின்று எல்லாம் செய்தேன். இவர் மறுநாள் இடுப்பு வரை சேற்றோடு வந்து நின்றார். ஏன் என்று கேட்டேன். "ஜோவார் வரல" என்றார். செத்தவர் வீட்டில் சொல்கிற பதிலா அது? அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊருக்குப் போகவேண்டும், போகவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்துவிட்டு இருந்தேன். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மஞ்சள் மணல் நடுவே கப்பல், தூரத்தில் கோடு போல நீலம். வெயில் பாய் மெல்ல நகர்ந்து சுவரில் ஏறியது. தட்டில் சோறு போட்டு அங்கேயே கொண்டுவந்து, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். "அன்னைக்கு இங்கதான் லாஞ்சு ஏறிச்சு" என்று மணலைத் தொட்டுக் காட்டினார். "எறங்கி நடந்து பாத்தேன். இடுப்பளவு சேறு. ரெண்டு பேரு இழுத்துப் போட்டாங்க. பொறவு உக்காந்துட்டேன்." ஒரு விரல் அகலம் மணல் குறைந்ததா இல்லையா என்று நான் உற்று உற்றுப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. எழுந்து நடந்தேன், வந்து உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு நாற்காலியில், யாரும் சாகாமல் இருக்கும்போதே என்னால் பொறுக்க முடியவில்லை.

மஞ்சளின் ஓரம் பச்சையானது. பச்சை உள்ளே உள்ளே வந்தது. கப்பல் ஒரு முறை ஆடி, மிதந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கப்பா சாகும்போது நீங்க எங்க இருந்தியன்னு இப்பத்தாங்க பாத்தேன்" என்றேன்.

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் முதுகில் கை வைத்தேன். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டிக்கெட் போடுட்டி. இனிப் போலாம்."