தட்டினால் திறக்காத பள்ளிக்கூடம்

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா சப்பலில் இன்று இருப்பதுபோல வரிசையாகத் தமிழ்க் கடைகள் அப்போது இல்லை. இருந்த சிலவற்றில் ஒன்றின் அடியில், அரிசி மூட்டை வைக்கும் நிலவறையில்தான் எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். புதன்கிழமை பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை. அன்று பின்னேரம் தெரிந்தவர்களின் பிள்ளைகளைச் சேர்த்து அ, ஆ சொல்லிக்கொடுப்போம். முதலில் எங்கள் வீட்டில் நடந்தது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் தடியால் தன் வீட்டு உட்கூரையை இடித்தார். பிறகு ஒரு உணவகத்தின் பின்னறை. வியாபாரம் கூடியதும் எழுப்பிவிட்டார்கள். நிரந்தரமாக ஓர் இடம் கேட்பதென்றால் அதிகாரிகளிடம் போக வேண்டும். போனால் பெயர், விலாசம், ‘கார்த்’ என்று கேட்பார்களே! எங்களில் பலருக்கு அந்த வதிவிட அட்டை இன்னும் கிடைக்கவில்லை. மன்னாரில் ஆசிரியராக இருந்து, பாரிசில் கோப்பை கழுவிக்கொண்டு, புதன்கிழமைகளில் படிப்பிக்க வந்த எங்கள் வாத்தியாருக்கும் இல்லை. பிடித்தால் நேரே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து நடமாடியவர் அவர்.

கடைக்கார அண்ணை நல்ல மனிதர். அவருக்கும் ஒரு பயம் இருந்தது. “ஆர் தட்டினாலும் திறவாதேங்கோ. கீழை பிள்ளையள் இருக்கிறது வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சால் கடையும் போயிடும்” என்று சொல்லித்தான் நிலவறைக் கதவின் திறப்பை என் கையில் தந்தார். அதனால் பிள்ளைகளைப் பழக்கினோம். தட்டும் சத்தம் கேட்டால் வாத்தியார் விரலை வாயில் வைப்பார், நான் விளக்கை அணைப்பேன், ஒரு பிள்ளையும் மூச்சுக் காட்டாது. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட போர்த்துக்கீசப் பெண் முற்றத்தில் நின்று எங்களை முறைக்கும்போதெல்லாம், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவாளோ என்று பிள்ளைகளை அவசரமாகக் கீழே இறக்கிவிடுவேன்.

அந்தப் புதன்கிழமை அண்ணை கடையைப் பூட்டிவிட்டுச் சாமான் எடுக்கப் போயிருந்தார். பாதி வகுப்பில் கதவு அதிர்ந்தது. கனத்த சப்பாத்துச் சத்தம். “யாராவது இருக்கிறீர்களா?” என்று பிரெஞ்சில் ஒரு ஆண் குரல். பொலிஸ்தான் என்று முடிவுகட்டிவிட்டோம். விரல் வாய்க்குப் போனது, விளக்கு அணைந்தது. இருட்டில் என் மகள் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் படியேறிப் போனதும் வாத்தியார் மெல்ல, “போயிட்டாங்கள்” என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பிறகுதான் மணந்தது. மேலே யாரோ வீட்டில் எதையோ கருக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குள் கதவின் கீழால் புகை வந்தது. வாத்தியார் திறந்து பார்த்தார், படிக்கட்டே தெரியவில்லை. பக்கத்து நிலவறை ஒன்றில் தீ. தட்டியவர்கள் தீயணைப்புக்காரர்கள். உள்ளே ஆள் இல்லை என்று எண்ணிப் போய்விட்டார்கள். அப்படி எண்ண வைத்தது நாங்கள்தான்.

வாத்தியார் கதவை மூடி இடுக்கில் தன் கோட்டைத் திணித்தார். பிள்ளைகள் இருமத் தொடங்கினார்கள். அப்போதும் ஒன்றுகூட அழவில்லை. பழக்கியபடியே, வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் இருமினார்கள்.

“கத்துங்கோ அக்கா. என்னைப் பிடிச்சால் பிடிக்கட்டும்” என்றார் வாத்தியார்.

வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் நான். அந்த நேரம் ஒரு பிரெஞ்சுச் சொல்கூட வாயில் வரவில்லை. அரிசி மூட்டைமேல் ஏறி, தெருப்பக்கம் இருந்த காற்றுத் துளையில் முகத்தை வைத்து, “ஐயோ, பிள்ளையள் இஞ்சை இருக்கினம்! ஓடி வாங்கோ!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். தமிழ் புரியாத அந்த மனிதர்கள் ஓடி வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக வெளியே வந்தவர் வாத்தியார். சீருடைக்காரர் ஒருவர் நேரே அவரிடம் போனதும் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் கேட்டது, உள்ளே இன்னும் பிள்ளைகள் உண்டா என்று மட்டும்தான். வாத்தியார் இல்லையென்று தலையாட்டிவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

வெளியே போயிருந்த போர்த்துக்கீசப் பெண் அப்போதுதான் ஓடிவந்து, எல்லாப் பிள்ளைகளையும் தன் அறைக்குள் இழுத்துப் போர்வையால் போர்த்தினாள். நாங்கள் படிப்பிப்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். வீட்டுக்காரரிடம் ஒருபோதும் மூச்சுவிடவில்லை. அவள் முகமே அப்படித்தான் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

நிலவறையில் இனி ஒருவரும் இருக்கக்கூடாது என்று தீயணைப்புக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் அந்தப் போர்த்துக்கீசப் பெண் என் கையைப் பிடித்து, தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியையிடம் கூட்டிப்போனாள். கார்த் கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அந்த அம்மா எந்த அட்டையையும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வருவீர்கள், பிள்ளைகள் இருக்க வாங்குகள் போதுமா என்றுதான் கேட்டார். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்களோடு ஒரு வகுப்பறை கிடைத்தது. பல வருடங்களுக்கு அதுவே எங்கள் நிரந்தர இடம்.

அங்கே முதல் நாள். பிள்ளைகள் உரத்துப் படித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். வகுப்பு சட்டென்று அடங்கியது. யாரும் சொல்லாமலே என் மகள் எழுந்து போய், அந்தப் பட்டப்பகலில் விளக்கை அணைத்தாள். வெளியே, கரும்பலகையில் எழுத வெண்கட்டிப் பெட்டியோடு நின்றவர் தலைமை ஆசிரியை.

அ, ஆ இன்னும் பிடிபடாத பிள்ளைகளுக்கு எங்கள் பயம் மட்டும் எவ்வளவு நன்றாகப் பாடமாகியிருந்தது! இன்றும் கதவு தட்டினால் என் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் அடிக்கிறது. ஆனாலும் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, “ஓம், வாறன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு நானே போய்த் திறக்கிறேன்.